ஒட்டில் நிற்கும் இறக்கை: வீட்டில் கட்டும் விமானமும் வினைல் எஸ்டர் ரெசினும்

தெர்மாகோல் துண்டின்மேல் கொஞ்சம் பெட்ரோல் விட்டுப் பார்த்தவர்களுக்கு, அது எப்படிச் சுருங்கிப் பிசினாகிப் போகும் என்று தெரியும். வினைல் எஸ்டர் ரெசினைத் தடவினாலும் அதுதான் நடக்கும். அந்த ரெசினில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு ஸ்டைரீன். தெர்மாகோலோ ஸ்டைரீன் மூலக்கூறுகளே கைகோத்து நீண்ட சங்கிலி. இனம் இனத்தைக் கரைத்துவிடுகிறது. வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் வினைல் எஸ்டர், எபாக்சி என்ற இரண்டு ரெசின்களின் பக்கமாகப் பிரிந்து நிற்பதற்கு, சின்னதாகத் தெரியும் இந்தக் குணமும் ஒரு பெரிய காரணம்.

1975இல் கலிஃபோர்னியாவின் மொஹாவியில் பர்ட் ரூடான் தன் வேரிஈஸி விமானத்தைப் பறக்கவிட்டார். அதன் இறக்கைக்கு அச்சு கிடையாது. நீல நிறப் பாலிஸ்டைரீன் கட்டியைச் சூடேற்றிய கம்பியால் இறக்கை வடிவத்துக்கு அறுக்க வேண்டும். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, ரெசினில் நனைத்து, இறுகவிட வேண்டும். உள்ளே ஃபோம், வெளியே ஓடு. வரைபடமும் பொறுமையும் இருந்தால் கார் நிறுத்தும் கொட்டகையிலேயே செய்யலாம். 1979இல் வந்த லாங்-ஈஸியும் இதே வழிதான். பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் 1987இல் பறக்கவிட்ட சிறு ஆய்வு விமானத்துக்கும் இந்த லாங்-ஈஸிதான் மூலம். ஃபோம் பாலிஸ்டைரீன் என்றால் மேலே பூசும் ரெசின் எபாக்சியாகத்தான் இருக்க வேண்டும். வினைல் எஸ்டரைத் தொட்டால் இறக்கைக்குள் பள்ளம் விழும்.

அதே 1979இல் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், டாம் ஹாமில்டன் வடிவமைத்த கிளாசேர் பறந்தது. ஆர்லிங்டன் ஊரில் இயங்கிய ஸ்டாடர்ட்-ஹாமில்டன் நிறுவனம் அதைக் கிட்டாக விற்றது. இங்கே முறையே வேறு. உடற்பகுதியையும் இறக்கையின் தோலையும் தொழிற்சாலையிலேயே அச்சில் வார்த்து, பாதி பாதியாகப் பெட்டியில் அனுப்பிவிடுவார்கள். வாங்கியவர் அவற்றைச் சேர்த்து ஒட்டி விமானமாக்க வேண்டும். நடுவிலுள்ள ஃபோம் பி.வி.சி. வகை. ஸ்டைரீனுக்கு அது அசையாது. ஆகவே வினைல் எஸ்டர் தாராளமாக உள்ளே வந்தது. எபாக்சியைவிட விலை குறைவு, தண்ணீர்போல் ஓடித் துணியைச் சட்டென்று நனைக்கும், அறை வெப்பத்திலேயே அரைமணி நேரத்தில் இறுகத் தொடங்கும், பெட்ரோலுக்கு அசையாது. அச்சை ஒரு நாளைக்குள் காலிசெய்து அடுத்த பாகத்தை வார்க்க நினைக்கும் தொழிற்சாலைக்கு வேறென்ன வேண்டும்?

இந்த இரண்டு ரெசின்களில் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இழுவிசை எண்களையே பதிலாக நீட்டுகிறார்கள். எனக்கு அது கேள்வியைத் தவறான இடத்தில் வைப்பதாகப் படுகிறது. கிட் விமானத்தில் தோல்பலகையை வார்ப்பது தொழிற்சாலை. கட்டுகிறவரின் கை படுவது ஒட்டுகளில்: இரு பாதிகள் சேரும் விளிம்பு, இறக்கைக்குள் நிற்கும் குறுக்குச் சட்டம், தடுப்புச் சுவர், எரிபொருள் தொட்டியின் மூலை. வினைல் எஸ்டர் தன் பலவீனத்தைக் காட்டுவதும் அங்கேதான். ஆகவே இந்த ரெசினைப் பற்றிய எந்த மதிப்பீடும் ஒட்டிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முன் அது என்ன பொருள் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

எபாக்சி மூலக்கூறின் இரு முனைகளிலும் மெத்தக்ரிலிக் அமிலத்தைச் சேர்த்தால் கிடைப்பது வினைல் எஸ்டர். நடு உடல் எபாக்சியுடையது. வினைபுரியும் முனைகள் பாலியெஸ்டர் ரெசினைப்போல. அதைத் தூரிகையில் எடுக்கும் அளவுக்கு இளக்குவதற்குத்தான் ஸ்டைரீன். வேலை முடிந்ததும் ஆவியாகிப் போகும் தின்னர் அல்ல அது. பெரும்பகுதி தானும் சங்கிலியில் சேர்ந்து இறுகிவிடும். 1960களில் டவ் கெமிக்கல் நிறுவனம் டெராகேன் என்ற பெயரில் இதை விற்கத் தொடங்கியது. முதல் நோக்கம் அமிலத் தொட்டிகளும் ரசாயன ஆலைக் குழாய்களும். அந்தப் பெயர் 2004இல் ஆஷ்லாண்ட் நிறுவனத்துக்கும் 2019இல் இனியோஸ் நிறுவனத்துக்கும் கைமாறியது. கிளாசேர் கட்டியவர்கள் ‘நானூற்றுப் பதினொன்று’ என்று எண்ணைச் சொன்னாலே டெராகேனின் அந்த வகை என்று புரியும்.

சாதாரணப் பாலியெஸ்டரில் எஸ்டர் கண்ணிகள் சங்கிலி நெடுகிலும் இருக்கும். தண்ணீர் ஊடுருவி அறுப்பது அந்தக் கண்ணிகளைத்தான். பழைய ஃபைபர் படகுகளின் அடியில் கொப்புளம் கிளம்புவதற்கு இது ஒரு காரணம். வினைல் எஸ்டரில் அந்தக் கண்ணிகள் முனையோரம் மட்டும். தண்ணீருக்கும் ரசாயனத்துக்கும் அது தாங்குவது அதனால்தான். இன்னொன்று, இறுகிய பிறகும் அது கொஞ்சம் நீளும். சாதாரணப் பாலியெஸ்டர் 2 சதவீதம் அளவுக்கு நீண்டாலே விரிசல் காணும் இடத்தில், 411 வகை 5 சதவீதம்வரை தாக்குப்பிடிக்கும். இழை முழு பலத்தையும் காட்டுவதற்குள் ரெசின் விரிசல் விட்டுவிட்டால் இழையின் பலத்தால் பயனில்லை. விமானத்துக்குப் பாலியெஸ்டரை ஒதுக்கிவிட்டு வினைல் எஸ்டரை எடுத்ததன் நியாயம் இதில் இருக்கிறது.

இறுகும் விதத்தில் எபாக்சிக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வித்தியாசம். எபாக்சியில் ரெசினும் ஹார்ட்னரும் ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேரும். பங்கு பிசகினால் ஜோடி கிடைக்காத மூலக்கூறுகள் உள்ளே மென்மையாகத் தங்கிவிடும். குளிராக இருக்கிறதே என்று ஹார்ட்னரைக் கூட்டக் கூடாது. வினைல் எஸ்டர் பாலில் உறை ஊற்றுவதுபோல. எம்.இ.கே.பி. என்று சுருக்கிச் சொல்லப்படும் பெராக்சைடு திரவம் 1 முதல் 2.5 சதவீதத்துக்குள் விழுந்தால் போதும். சங்கிலி பற்றிக்கொண்டு தானே ஓடும். வெயில் நாளில் உறைமோரைக் குறைப்பதுபோல இதையும் கொஞ்சம் குறைக்கலாம், குளிரில் கூட்டலாம். ஆனால் ஓர் அடிமட்டம் உண்டு. அதற்குக் கீழே போனால் தயிர் நீர்த்துக் கிடப்பதுபோல, எத்தனை நாள் காத்தாலும் முழு பலம் வராது. 200 கிராம் ரெசினுக்கு 1.5 சதவீதம் என்றால் 3 கிராம். கண்ணளவில் இதை விடுவது தவறு. ஊசிக்குழாயாலோ நுண்தராசாலோ அளக்க வேண்டும். பிறகு குவளையின் ஓரமும் அடியும் படும்படி நன்றாகக் கலக்க வேண்டும். இவ்வளவு சிறிய பங்கு சீராகப் பரவாவிட்டால் ஒரே துணியில் ஓரிடம் இறுகி, மறுஇடம் பிசுபிசுக்கும்.

அறை வெப்பத்தில் இந்தப் பெராக்சைடு தானாக உடையாது. உடைத்துவிட கோபால்ட் உப்பு வேண்டும். இந்த இடத்தில் ஒரு விதியை எத்தனை முறை சொன்னாலும் தகும். கோபால்ட்டும் பெராக்சைடும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கி முடித்து, பிறகுதான் பெராக்சைடு. இரண்டு புட்டிகளும் ஒரே தட்டில் நிற்கக் கூடாது. ஒன்றில் விட்ட குழாய் மற்றொன்றில் படக் கூடாது. கோபால்ட் முன்பே கலந்த ரெசினாக வாங்கிவிடுவதுதான் தனியாளுக்கு நல்லது. பெராக்சைடு கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வை போகக்கூடும். கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்கிறவரை யாரும் துணிச்சல்காரர் என்று பாராட்ட வேண்டாம்.

வினைல் எஸ்டரில் பழகாதவரைத் திகைக்கவைக்கும் இன்னொன்று, பெராக்சைடு விட்டதும் ரெசின் சோடாபோல் நுரைப்பது. கடைப் பெராக்சைடில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் இருக்கும். அது வாயுவைக் கிளப்புகிறது. உடனே தடவினால் குமிழிகள் துணிக்குள் சிக்கும். சில நிமிடம் அடங்கவிட வேண்டும், அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு குறைந்த வகையைத் தேடி வாங்க வேண்டும். கலந்த ரெசினைக் குவளையில் குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே வெந்து புகைவிடும் என்பதை மட்டும் மறக்காமல், அகலத் தட்டில் பரப்பிக்கொண்டால் போதும்.

இனி ஒட்டுக்கு வருகிறேன். வினைல் எஸ்டர் இறுகும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேற்பரப்பில் சங்கிலியை அறுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே கல்லாக இறுகியிருக்க, மேல்தோல் மட்டும் கையில் ஒட்டும். முடிக்கப்போகும் பரப்பு என்றால் இது தொல்லை. அடுத்த அடுக்கு போடப்போகிறோம் என்றால் வரம். அந்தப் பிசுபிசுப்பான தோலில் முனைகள் இன்னும் திறந்தே இருப்பதால், புதிய அடுக்கு பழையதோடு வேதியியல் பிணைப்பாகவே சேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒரே பொருளாகிவிடும். தொழிற்சாலையில் அடுக்கடுக்காக வார்ப்பவருக்கு இந்த வசதி கிடைக்கிறது.

வீட்டில் கட்டுகிறவருக்குக் கிடைப்பதில்லை. அவர் கையில் வரும் பாகம் மாதக்கணக்கில் இறுகி முடிந்தது. அதில் திறந்த முனை ஏதும் மிச்சமில்லை. அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசிய மெழுகின் தடம்கூட இருக்கலாம். அதன்மேல் அவர் போடும் துணிப்பட்டை இனி முரட்டுப் பரப்பைக் கவ்விப் பிடித்துத்தான் நிற்க வேண்டும். கூடவே இன்னொரு பகை: வினைல் எஸ்டர் இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சுருங்கும். எபாக்சியின் சுருக்கம் அதைவிட மிகக் குறைவு. ஒட்டிய பட்டை பிறக்கும்போதே அடிப்பரப்பை இழுத்துக்கொண்டு பிறக்கிறது. சோதனைக்கூடத்தில் ஒரே வார்ப்பாக வார்த்த துண்டின் பலத்தைப் பட்டியலில் பார்த்துவிட்டு, நம் ஒட்டும் அவ்வளவு தாங்கும் என்று நம்புவது பெரிய ஏமாற்றம்.

அதனால்தான் இந்தக் கிட்டுகளில் உண்மையான வேலை உப்புத்தாள் பிடிப்பதாக இருக்கிறது. ஒட்டும் இடத்தின் பளபளப்பு ஒரு துளியும் மிஞ்சாமல் போகும்வரை தேய்க்க வேண்டும்; ஆனால் இழையை அறுக்கும்வரை போகக் கூடாது. பிறகு தூசியைத் துடைத்து, அசிட்டோனில் நனைத்த சுத்தமான துணியால் ஒருமுறை, காய்ந்த பிறகே ரெசின். தேய்த்த பரப்பில் விரல் பட்டால் மறுபடி முதலிலிருந்து. அலுப்பான வேலை. மூன்றாவது மாதத்தில், ஞாயிறு மாலையில், கை ஓய்ந்துபோன நேரத்தில், ‘இது போதும்’ என்று தோன்றும். விமானத்தில் ஒட்டு கழன்றால் அந்த மாலை நேரம்தான் கழன்றிருக்கும். பாகத்தை வார்க்கும்போதே மேலே ‘பீல் பிளை’ என்ற நைலான் துணியை வைத்து இறுகவிட்டால், பிற்பாடு அதை உரிக்கும்போது சுத்தமான சொரசொரப்பு கிடைக்கும். அது பெரிய உதவி. ஆனாலும் உப்புத்தாள் வேலையைக் குறைக்குமே தவிர நீக்காது என்பதுதான் எச்சரிக்கையானவர்களின் வழக்கம்; நானும் அவர்கள் பக்கம்.

எபாக்சியையும் வினைல் எஸ்டரையும் ஒரே விமானத்தில் கலக்கலாமா என்று எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கிறார்கள். இறுகிய வினைல் எஸ்டரின்மேல் எபாக்சி நன்றாகவே பிடிக்கும். பெரும்பாலும் வினைல் எஸ்டரைவிட நன்றாக. உலோகத்தோடு சேர்க்க வேண்டிய இடத்திலும் எபாக்சிதான் மேல். எதிர்த்திசை ஆகாது. எபாக்சி ஹார்ட்னரிலுள்ள அமீன் மிச்சங்கள் மேலே வரும் வினைல் எஸ்டரின் சங்கிலியைக் கெடுக்கும். தொடும் முகத்தில் அது இறுகாமலே நின்றுவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எபாக்சி ஒருமுறை ஏறிய இடத்தில் பழுது பார்ப்பதும் எபாக்சியாகத்தான் இருக்க வேண்டும். பழைய விமானத்தை விலைக்கு வாங்குகிறவர், முன்பு யார் எந்த ரெசினால் எங்கே ஒட்டினார்கள் என்ற குறிப்பேட்டைக் கேட்டு வாங்காமல் தூரிகையை எடுக்கக் கூடாது.

துணியிலும் ஒரு சங்கதி உண்டு. கண்ணாடி இழை ரெசினைப் பிடித்துக்கொள்ள அதன்மேல் மெல்லிய வேதிப் பூச்சு இருக்கும். எபாக்சிக்கு என்று பூசியது வினைல் எஸ்டருக்கு அவ்வளவாக ஒத்துவராது. இரண்டுக்கும் பொருந்துவதும் கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டும். கார்பன் இழையின் பூச்சு பெரும்பாலும் எபாக்சியை நினைத்தே செய்தது. அதனால், ‘கண்ணாடிக்குப் பதில் கார்பன் போட்டால் இன்னும் பலம்தானே’ என்று வினைல் எஸ்டர் விமானத்தில் மாற்றுகிறவர், காசும் கொடுத்துப் பிடிப்பையும் இழக்கிறார். படகுப் பட்டறையில் கிடைக்கும், இழைகளை வெட்டிப் பரப்பிய பாய் வகை மாட் விமானத்துக்கு வேண்டாம். அது ரெசினை ஏராளமாகக் குடிக்கும், குடித்ததெல்லாம் எடை.

வெப்பத்தில் வினைல் எஸ்டருக்கே கை ஓங்கியிருக்கிறது. முறையாகச் சூட்டில் பதப்படுத்தினால் 411 வகை ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸ் வரை வளையாமல் நிற்கும். அறை வெப்பத்தில் மட்டும் இறுகும் எபாக்சிகளில் பல அதற்கு வெகுமுன்பே இளகும். ஆனால் பதப்படுத்தாத வினைல் எஸ்டருக்கு அந்த எண்ணைச் சொல்ல முடியாது. அடியிலுள்ள ஃபோமும் அவ்வளவு சூடு தாங்காது. இப்படிப்பட்ட விமானங்கள் வெள்ளையாகவே நிற்பதன் காரணம் வெயில்தான். ஓடுதளத்தில் நண்பகலில் நிற்கும் கரிய இறக்கை எவ்வளவு சுடும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாற்றத்தைப் பற்றிப் பேசாமல் இந்த ரெசினைப் பற்றிப் பேச முடியாது. ஸ்டைரீனின் வாடை காற்றில் மிகமிகச் சிறு அளவிலேயே மூக்கைத் துளைக்கும். கொட்டகை வீட்டோடு ஒட்டியிருந்தால் சமையலறை வரை வரும். மூக்கு பழகிவிட்டது என்றால் ஆபத்து போய்விட்டது என்று பொருளில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் ஸ்டைரீனை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று கருதப்படும் பொருள்களின் 2ஏ பிரிவுக்கு உயர்த்தியது. தூசிக்கு அணியும் துணி முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடிதான் வேண்டும். ஸ்டைரீனின் ஆவி 31 டிகிரியிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். அது நம் சென்னையில் ஒரு சாதாரண நாளின் வெப்பம்.

சென்னையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் மரப்படகுகளின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவில் பிடித்துக்கொண்டன. அவற்றை வார்ப்பது பாலியெஸ்டரில். அதே ஸ்டைரீன், அதே கோபால்ட், அதே பெராக்சைடு. கையுறையும் முகமூடியும் இல்லாமல் அந்தப் பட்டறைகளில் நிற்கும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. விமானம் கட்டும் பொழுதுபோக்குக்காரர் விலைகொடுத்து வாங்கிக்கொள்ளும் அதே காப்பு, தினக்கூலிக்கு வார்ப்பவருக்கும் சேர வேண்டியது.

எபாக்சிக்கு நாற்றமில்லை என்பதால் அது பாதுகாப்பானது என்ற எண்ணமும் தவறு. அதன் ஹார்ட்னர் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது. சொட்டு பட்டாலே கை வீங்கும் நிலையில், பாதியில் நிற்கும் விமானத்தை விட்டுவிட வேண்டியதுதான். வினைல் எஸ்டர் வருமுன்னே நாற்றத்தால் எச்சரிக்கும், எபாக்சி எச்சரிக்காது.

பட்டியல்கள் கணக்கில் எடுக்காத ஒன்று காலம். அமெரிக்க விதிப்படி, விமானத்தின் பெரும்பகுதி வேலையைப் பொழுதுபோக்காகவும் கற்றலுக்காகவும் தனியாள் செய்திருந்தால்தான் அது சொந்தக் கட்டுமான வகையில் பதிவாகும். ஐம்பத்தொரு சதவீத விதி என்பார்கள். வார இறுதிகளில் கட்டும் குடும்பஸ்தருக்கு அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். வினைல் எஸ்டருக்கோ டப்பாவில் ஆயுள் மாதங்களில். முன்பே கோபால்ட் கலந்ததென்றால் இன்னும் குறைவு. அதைக் கெட்டியாகாமல் தடுக்கும் பொருள் வேலை செய்ய டப்பாவுக்குள் கொஞ்சம் காற்றும் வேண்டும். ஆகவே கழுத்துவரை நிரப்பி அடைப்பதும் தவறு. பாதுகாப்பாகக் குளிரில் வைத்தாலும் ஒரே டப்பாவால் விமானம் முடியாது. புதுப் புது டப்பாக்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு குணத்தோடு. நேற்று 25 நிமிடத்தில் இறுகியது இன்று 15இல் இறுகலாம். துணியை வெட்டி அடுக்கிய பிறகா இதைத் தெரிந்துகொள்வது? காலையில் முதல் வேலையாக ஒரு சிறு குவளையில் கலந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

வடிவமைப்பாளர் சொன்ன ரெசினை மாற்றக் கூடாது என்று பல கிட் கையேடுகள் சொல்வதைச் சிலர் வியாபாரத் தந்திரம் என்று நினைக்கிறார்கள். ஃபோம், துணியின் பூச்சு, பட்டையின் அகலம், அடுக்கின் எண்ணிக்கை எல்லாமே ஒரு ரெசினை மனத்தில் வைத்துக் கணக்கிட்டவை. எபாக்சி வரைபடத்தில் வினைல் எஸ்டரைப் போடுகிறவர், யாரும் இதுவரை சோதித்திராத வேறொரு விமானத்தைக் கட்டுகிறார். அதில் ஏறப்போவது அவர் மட்டுமல்ல, பெரும்பாலும் அவருடைய பிள்ளையும்தான்.

நல்ல கட்டுநர்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முக்கியமான ஒட்டுக்கும், அதே குவளை ரெசினில், அதே துணியில், அதேபோல் தேய்த்த ஒரு கழிவுத் துண்டின்மேல் சிறு பட்டை ஒன்றும் போட்டு வைப்பார்கள். நன்றாக இறுகிய பிறகு, பிசுபிசுப்பான மேல்தோலைத் தேய்த்தெடுத்த இடத்தில் அசிட்டோன் ஒரு சொட்டு; ஒட்டினால் உள்ளே முழுதாக இறுகவில்லை. அதன்பின் பட்டையை உளியால் கிளப்பி, இடுக்கியால் உரித்துப் பார்ப்பார்கள். இழை கிழிந்து வெண்ணாராகப் பிய்ந்து வந்தால் ஒட்டு பிடித்திருக்கிறது. பட்டை சுத்தமாகக் கழன்று அடியில் பளபளப்பான பரப்பு தெரிந்தால், விமானத்திலுள்ள ஒட்டையும் அன்றே தேய்த்தெடுக்க வேண்டும். கிழித்த துண்டுகளின் முதுகில் தேதியும் டப்பா எண்ணும் எழுதி, குறிப்பேட்டோடு சேர்த்து ஒரு பெட்டியில் போட்டு வைக்கிறார்கள். முதல் பறப்புக்கு முன் வரும் ஆய்வாளரின் முன்னால் அந்தப் பெட்டியையும் திறந்து வைக்கலாம்.